சின்ன பிளாண்டுக்கு ஒரு கண்ட்ரோல் பேனல்: காண்டாக்டரிலிருந்து மோட்பஸ் வரை முழு வழிகாட்டி

திரையில் 'கம்யூனிகேஷன் ஃபெயில்' என்று வந்ததும் எல்லோரும் லேப்டாப்பைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது ஸ்க்ரூடிரைவரும் மல்டிமீட்டரும்தான். தொழிற்சாலையில் நெட்வொர்க் கோளாறு என்று பெயர் வாங்குவதில் பெரும்பாலானவை கடைசியில் லூஸான டெர்மினல், தப்பான இடத்தில் எர்த் செய்த ஷீல்டு (கேபிளைச் சுற்றி இருக்கும் உலோக உறை), மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுத்திருக்கும் சிக்னல் கேபிள் என்றுதான் முடிகின்றன. அதனால் இந்த வழிகாட்டியைக் கீழிருந்து மேலே கட்டியிருக்கிறேன்: முதலில் பவர், அப்புறம் 24 வோல்ட், அப்புறம் சென்சார், அதற்கு மேல் ஆர்.எஸ்.-485 (கருவிகள் மோட்பஸ் என்ற மொழியில் பேசும் இரண்டு வயர் லைன்), கடைசியில் ஈதர்நெட். ஒரு படி சரியாக இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

உதாரணத்துக்கு திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 5 எச்.பி. டிரான்ஸ்ஃபர் பம்ப் இரண்டு, 7.5 எச்.பி. பிளோயர் ஒன்று, அந்த பிளோயருக்கு ஒரு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்), இரண்டு தொட்டிகளுக்கு லெவல் டிரான்ஸ்மிட்டர், ஒரு பி.எச். மீட்டர், ஒரு ஃப்ளோ மீட்டர், ஒரு எனர்ஜி மீட்டர். எல்லாவற்றையும் ஒரு பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்ளும். 70 மீட்டர் தள்ளியிருக்கும் அலுவலக அறையில் ஒரு கம்ப்யூட்டரில் எல்லாம் தெரிய வேண்டும். கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதிக்குக் கீழே ஓடுகிற இடம் இது. பம்ப் நின்றது யாருக்கும் தெரியாமல் போனால் தொட்டி வழியும், அது சின்ன விஷயமல்ல.

முன்கூட்டியே ஒன்று: இதில் 415 வோல்ட் வேலை இருக்கிறது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் இல்லாமல் பவர் பக்கம் கை வைக்காதீர்கள். மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று பேஸிலும் மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லை என்று பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

பவர் பக்கம்: மோட்டாரிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

மோட்டாரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். 5 எச்.பி. என்றால் 3.7 கிலோவாட், 415 வோல்ட்டில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். எச்.பி.யை ஒன்றரையால் பெருக்கினால் தோராயமாக ஆம்பியர் வரும் என்பது வயர்மேன்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு, அது போதும். ஆனால் செட்டிங் வைக்கும்போது நேம் பிளேட்டில் இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் ஆறு மடங்கு வரை இழுக்கும், அதாவது 45 ஆம்பியர். இங்கேதான் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே ஆஃப் ஆகும் ஸ்விட்ச்) தேர்வில் தப்பு நடக்கிறது. 'சி' கர்வ் எம்.சி.பி. தன் ரேட்டிங்கின் 5 முதல் 10 மடங்குக்குள் உடனே ட்ரிப் ஆகும். 10 ஆம்பியர் 'சி' என்றால் 50 ஆம்பியரிலேயே ட்ரிப் ஆகத் தொடங்கலாம். ஸ்டார்ட் ஆகும் முதல் நொடிக்கும் குறைவான நேரத்தில் வரும் உச்சம் 45-ஐத் தாண்டிப் போகும் என்பதால், 'சில நாள் ட்ரிப் ஆகிறது, சில நாள் ஆகவில்லை' என்ற புகார் வரும். 'டி' கர்வ் 10 முதல் 20 மடங்கு வரை தாங்கும். அதைவிட நல்ல வழி மோட்டாருக்கென்றே வரும் பிரேக்கரான எம்.பி.சி.பி. போடுவது. 6-10 ஆம்பியர் ரேஞ்ச் உள்ள ஒன்றை வாங்கி, டயலை 7.5-இல் வைத்தால் ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட், ஒரு பேஸ் போனால் கிடைக்கும் பாதுகாப்பு மூன்றும் ஒரே பொருளில் முடிந்துவிடும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு மோட்டார் ரீவைண்டிங் செலவை நினைத்துப் பார்த்தால் நான் எம்.பி.சி.பி.யைத்தான் சொல்வேன்.

காண்டாக்டர், அதாவது மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் காந்த ஸ்விட்ச், வாங்கும்போது பெட்டியில் இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கும். ஏ.சி.-1 என்பது ஹீட்டர் மாதிரியான லோடுக்கு, ஏ.சி.-3 மோட்டாருக்கு. ஏ.சி.-1 எண் எப்போதும் பெரிதாக இருக்கும், கடைக்காரர் அதையே சொல்வார். நீங்கள் ஏ.சி.-3 எண்ணைப் பாருங்கள். 7.5 ஆம்பியர் மோட்டாருக்கு ஏ.சி.-3-இல் 9 ஆம்பியர் காண்டாக்டர் போதும், அடிக்கடி ஆன்-ஆஃப் ஆகும் பம்ப் என்றால் 12 போடுங்கள்.

தனி ஓவர்லோடு ரிலே போடுவதாக இருந்தால் அதன் 95-96 டெர்மினல்கள் (ட்ரிப் ஆனால் திறக்கும் காண்டாக்ட்) கண்டிப்பாக காண்டாக்டர் காயில் சர்க்யூட்டில் சீரீஸாக வர வேண்டும். 97-98-ஐ (ட்ரிப் ஆனால் மூடும் காண்டாக்ட்) பி.எல்.சி. இன்புட்டுக்குக் கொடுங்கள், ட்ரிப் ஆனதும் திரையில் காட்டும். பி.எல்.சி. பார்த்து நிறுத்தட்டும் என்று 95-96-ஐ விட்டுவிடும் பேனல்கள் இருக்கின்றன. பி.எல்.சி.யின் அவுட்புட் ஒட்டிக்கொண்டால் மோட்டாரைக் காப்பாற்ற ஆளே இருக்காது.

வி.எஃப்.டி.

பிளோயருக்கு டிரைவ் போடுவது மின்சாரம் மிச்சம் பிடிக்க மட்டுமல்ல, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தேவைக்கு ஏற்ப காற்றைக் கூட்டிக் குறைக்கவும்தான். ஆனால் பேனலுக்குள் இருக்கும் பொருட்களிலேயே அதிக இரைச்சல் போடுவது இதுதான், காதுக்கு அல்ல, சிக்னலுக்கு. அதனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது.

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், அந்த ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள். ஷீல்டைப் பின்னி வால் மாதிரி நீளமாக இழுத்து ஒரு ஸ்க்ரூவில் மாட்டுவதை விட, உலோகக் கிளாம்ப் வைத்துச் சுற்றிப் பிடிப்பது பல மடங்கு நல்லது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் காண்டாக்டர் வைத்து, ஓடும்போது ஆஃப் செய்யாதீர்கள், டிரைவின் அவுட்புட் பகுதி போய்விடும். டிரைவைத் திறப்பதற்கு முன்னால் சப்ளையை ஆஃப் செய்த பிறகும் அதன் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். 415 வோல்ட்டை உள்ளே டி.சி.யாக மாற்றினால் அது 587 வோல்ட். கப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பது அடையாளமே இல்லை, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சூட்டையும் மறக்க வேண்டாம். டிரைவ் தன் பவரில் சுமார் 3 சதவீதத்தைச் சூடாக வெளியே விடும், 5.5 கிலோவாட் டிரைவ் என்றால் 165 வாட். மூடிய பெட்டிக்குள் அது ஒரு பழைய குண்டு பல்பு எரிவதை விட அதிகம். தூசி, ஆவி இருக்கிறதே என்று பேனலை இறுக்கி மூடினால் மே மாதம் டிரைவ் ஓவர் டெம்பரேச்சரில் ட்ரிப் ஆகும். ஃபில்டர் வைத்த ஃபேன் போடுங்கள், ஃபில்டரை மாதாமாதம் தட்டச் சொல்லி ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள்.

கண்ட்ரோல் சப்ளையும் 24 வோல்ட்டும்

கண்ட்ரோல் சர்க்யூட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் எடுத்து 230 வோல்ட் கொடுப்பதுதான் வழக்கம். எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் நியூட்ரல் லூஸாவது அபூர்வமல்ல. நியூட்ரல் போனால், லோடு எப்படிப் பகிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த 230 என்பது 400-ஐ நெருங்கலாம், 24 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். முதல் எல்லாம் எரியும். இரண்டு பேஸிலிருந்து எடுத்து 230 ஆக்கும் ஒரு கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் நியூட்ரல் பிரச்சினையே இந்தப் பேனலுக்கு இல்லை.

அதற்கு அடுத்து 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். எல்லாப் பொருட்களின் ஆம்பியரையும் கூட்டி, அதற்கு மேல் குறைந்தது 30 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். பி.எல்.சி., திரை, நெட்வொர்க் ஸ்விட்ச் ஒரு ஃபியூஸில், வெளியே போகும் சென்சார்கள் இன்னொரு ஃபியூஸில், ரிலேக்களும் சோலனாய்டுகளும் மூன்றாவது ஃபியூஸில். ஏதோ ஒரு தொட்டி ஓரத்தில் ஒரு சென்சார் வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் மொத்த பி.எல்.சி.யும் அணைந்துபோகக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

வோல்டேஜ் டிராப்பை 24 வோல்ட்டில் யாரும் கணக்குப் போடுவதில்லை. போட்டுப் பார்ப்போம். 0.75 சதுர மி.மீ. செம்பு வயர் கிலோமீட்டருக்கு 26 ஓம். 60 மீட்டர் தள்ளி ஒரு சோலனாய்டு வால்வு இருக்கிறது, போக வர 120 மீட்டர், ஆக 3.1 ஓம். வால்வு அரை ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 1.5 வோல்ட் போய்விடும். 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் சென்சாருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரே பொது வயரில் நான்கு வால்வுகளைச் சேர்த்துவிட்டால், நான்கும் சேர்ந்து இழுக்கும்போது அந்தப் பொது வயரில் மட்டும் 3 வோல்ட்டுக்கு மேல் இறங்கும், கடைசி வால்வு பாதி திறந்து நிற்கும். 1.5 சதுர மி.மீ. போட்டால் டிராப் ஏறக்குறைய பாதியாகும்.

பி.எல்.சி.யின் டிரான்சிஸ்டர் அவுட்புட் பொதுவாக அரை ஆம்பியர் வரைதான். அதிலிருந்து நேராகக் காண்டாக்டரை ஓட்ட வேண்டாம், நடுவில் 24 வோல்ட் ரிலே ஒன்று போடுங்கள். டி.சி. காயில் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு, 1என்4007 போதும், சில ரூபாய்தான். ஏ.சி. காயிலுக்கு ஆர்.சி. ஸ்னப்பர். காயில் ஆஃப் ஆகும்போது வரும் வோல்டேஜ் அடியை இவை தின்றுவிடும். இவை இல்லாத பேனலில் காண்டாக்டர் ஒவ்வொரு முறை விழும்போதும் பி.எச். ரீடிங் துள்ளும், இல்லாவிட்டால் மோட்பஸில் ஒரு எரர் ஏறும். நெட்வொர்க்கில் தேடினால் இது கிடைக்கவே கிடைக்காது.

வயரிங்கில் நிறத்தைக் கலக்காதீர்கள். இயந்திரங்களின் மின் வேலைக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60204-1 சொல்வது எளிது: பவர் கறுப்பு, ஏ.சி. கண்ட்ரோல் சிவப்பு, டி.சி. கண்ட்ரோல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள். நம் ஊரில் பவருக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பேஸ் நிறம் போடுவார்கள், நியூட்ரலுக்குக் கறுப்பு. அப்போது சிவப்பு, நீலம், கறுப்பு மூன்றுக்குமே இரண்டு அர்த்தம் வந்துவிடும். எந்த முறை என்று டிராயிங்கின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வயர் முனைக்கும் எண், ஒவ்வொரு முனைக்கும் லக். மெல்லிய பல இழை வயரை லக் இல்லாமல் ஸ்க்ரூவுக்குள் திணித்தால் ஆறு மாதத்தில் லூஸாகும்.

எமர்ஜென்சி ஸ்டாப் நெட்வொர்க்கில் போகக் கூடாது

சிவப்புக் காளான் பட்டன், மஞ்சள் பின்னணி, அழுத்தினால் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும், காண்டாக்ட் என்.சி. (சாதாரணமாக மூடியிருப்பது). என்.ஓ. (சாதாரணமாகத் திறந்திருப்பது) போட்டால் வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது, தேவைப்படும் அன்றுதான் வேலை செய்யாது. என்.சி. என்றால் வயர் அறுந்த நொடியே மெஷின் நிற்கும், உடனே போய்ச் சரி செய்வீர்கள். இந்தச் சர்க்யூட் ஒரு சேஃப்டி ரிலே வழியாகக் காண்டாக்டர் காயில்களின் சப்ளையை நேராக வெட்ட வேண்டும், டிரைவில் எஸ்.டி.ஓ. (மோட்டார் முறுக்கு விசையைப் பாதுகாப்பாக வெட்டும்) டெர்மினல் இருந்தால் அதற்கும் போக வேண்டும். பி.எல்.சி.க்கு ஒரு காண்டாக்ட் கொடுங்கள், ஆனால் தகவலுக்கு மட்டும்.

அதே நியாயம் தொட்டி வழிவதற்கும். லெவல் டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தொட்டியின் உச்சியில் ஒரு சாதாரண ஃப்ளோட் ஸ்விட்ச் தொங்கட்டும், அது உள்ளே தண்ணீர் அனுப்பும் பம்பின் காண்டாக்டரை நேராக வெட்டட்டும்.

சென்சார் வயரிங்

மூன்று வயர் சென்சாரில் பிரவுன் பிளஸ் 24, நீலம் ஜீரோ, கறுப்பு சிக்னல். பி.என்.பி. வகை ஆன் ஆகும்போது 24 வோல்ட்டைத் தரும், என்.பி.என். வகை ஜீரோவுக்கு இழுக்கும். பி.எல்.சி. இன்புட் கார்டு எந்த வகைக்கு வயர் செய்யப்பட்டிருக்கிறதோ அதையே பிளாண்ட் முழுக்க வாங்குங்கள். நான் பி.என்.பி.யைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம், சிக்னல் வயர் எங்காவது உரசி பேனல் பாடியைத் தொட்டால், என்.பி.என்.னில் அது 'ஆன்' என்று தெரியும், பி.என்.பி.யில் தெரியாது, ஃபியூஸ்தான் போகும். இல்லாத சிக்னலால் மோட்டார் ஓடுவதை விட ஃபியூஸ் போவது மேல்.

ரீடிங்கைக் கரண்டாக அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் முறை இன்றும் விடாமல் நிற்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜீரோ ரீடிங்குக்கும் 4 மில்லி ஆம்பியர் ஓடும் என்பதால், கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கினால் வயர் அறுந்திருக்கிறது என்று உடனே தெரியும். 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் கோளாறு என்று எடுத்துக்கொள்வது நாமூர் என்.இ.43 என்ற வழக்கம். பி.எல்.சி. புரோகிராமில் இந்த இரண்டு எல்லையையும் எழுதி, ரீடிங் செல்லாது என்று காட்டுங்கள், சும்மா பூஜ்யம் காட்ட வேண்டாம். தொட்டி காலி என்று நினைத்து பி.எல்.சி. பம்பை ஓட விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வழக்கமாக மாட்டும் ஒரு இடம். சீமென்ஸ் எஸ்7-1200-இல் அனலாக் சேனலின் முழு அளவு 27648. சேனலை 4-20 என்று செட் செய்தால் 4 மில்லி ஆம்பியருக்கு 0 வரும், 20-க்கு 27648. தவறுதலாக 0-20 என்று விட்டுவிட்டால் 4 மில்லி ஆம்பியருக்கு 5530 வரும். 3 மீட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது திரையில் 60 சென்டிமீட்டர் தண்ணீர் தெரிகிறதா? டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பாதீர்கள், இந்த செட்டிங்கைப் பாருங்கள். முழுத் தொட்டியில் ரீடிங் சரியாக இருந்து, காலியில் மட்டும் சரியாக ஐந்தில் ஒரு பங்கு காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அனலாக் கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பேனல் பக்கம், எர்த் செய்யுங்கள். வெளி முனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். மோட்டார் கேபிளுக்கு இரண்டு முனை, இதற்கு ஒரு முனை. மோட்டார் கேபிளிலிருந்து சிக்னல் கேபிள் குறைந்தது 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் போகட்டும், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கட்டும்.

ஆர்.எஸ்.-485: இரண்டு வயர், நிறைய தலைவலி

இப்போது வி.எஃப்.டி., பி.எச். மீட்டர், ஃப்ளோ மீட்டர், எனர்ஜி மீட்டர் நான்கையும் ஒரே ஜோடி வயரில் பி.எல்.சி.யோடு இணைக்கிறோம். 1983-இல் வந்த தரம் இது, குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். இரண்டு வயருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் ரிசீவர் படிக்கிறது, 200 மில்லி வோல்ட் இருந்தால் போதும். இரைச்சல் வந்தாலும் இரண்டு வயரிலும் சமமாக ஏறும், வித்தியாசம் மாறாது. முறுக்கிய ஜோடி வயர்தான் போட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அங்கிருந்து நான்கு பக்கமும் கிளை பிரிக்கக் கூடாது. சிக்னல், கேபிளின் முனையில் மோதித் திரும்பி வரும், அதை அடக்கத்தான் இரண்டு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். இரண்டு முனையில் மட்டும்தான், நடுவில் இருப்பவற்றில் கூடாது. பல டிரைவ்களில் இது ஒரு சின்ன டிப் ஸ்விட்ச்சாக உள்ளே இருக்கும், ஃபேக்டரியிலிருந்தே ஆனில் வரலாம், பார்த்துவிடுங்கள்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? எல்லாக் கருவிகளின் சப்ளையையும் ஆஃப் செய்துவிட்டு, ஏ, பி இரண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 60-க்கு அருகில் வந்தால் இரண்டு ரெசிஸ்டரும் சரி. 120 வந்தால் ஒன்று இல்லை, அல்லது நடுவில் வயர் அறுந்து மறுபக்கத்து ரெசிஸ்டர் தெரியவில்லை. 40 வந்தால் மூன்றாவதாக எங்கோ ஒன்று ஆனில் இருக்கிறது. இதற்கு ஒரு நிமிடம் ஆகாது, லேப்டாப் தேவையே இல்லை.

அடுத்தது ஏ, பி குழப்பம். ஒரு கம்பெனி ஏ என்று எழுதுவதை இன்னொரு கம்பெனி பி என்று எழுதும். பிளஸ், மைனஸ் என்று எழுதியிருந்தால் அதை நம்புங்கள். மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, பேச்சு மட்டும் வராது. அதனால் ஒரு கருவி மட்டும் பதில் தரவில்லை என்றால் முதல் வேலை அதன் இரண்டு வயரை மாற்றிப் பார்ப்பது.

மூன்றாவது வயர், அதாவது சிக்னல் காமன், தேவையில்லை என்று நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். ஆர்.எஸ்.-485 சிப் தன் காமனைப் பார்த்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். பிளோயர் ஷெட்டின் எர்த்தும் மெயின் பேனலின் எர்த்தும் நடுவில் அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் பேச்சு விட்டுவிட்டு வரும், ஒருநாள் சிப்பே போகும். காமன் வயரைக் கேபிளில் சேர்த்துவிடுங்கள், தனிக் கட்டடத்தில் இருக்கும் கருவிக்கு ஐசொலேட்டர் உள்ள ரிப்பீட்டர் போடுங்கள்.

மோட்பஸ் பேசும் விதம்

மோட்பஸை 1979-இல் மோடிகான் கம்பெனி தன் பி.எல்.சி.களுக்காகக் கொண்டுவந்தது, இன்றும் எந்த மீட்டரை வாங்கினாலும் இருக்கிறது. ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார், கேட்காமல் யாரும் பேசக் கூடாது. முகவரி 1 முதல் 247 வரை. லைனில் எல்லோருக்கும் ஒரே வேகம், ஒரே பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்). இரண்டு கருவிக்கு ஒரே முகவரி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும், எதுவும் புரியாது. புதிய மீட்டர்கள் பெரும்பாலும் முகவரி 1 என்று வரும் என்பதால் ஒவ்வொன்றாக மாட்டி, முகவரி மாற்றி, அப்புறம் அடுத்ததை மாட்டுங்கள்.

பி.எல்.சி. கேட்பது இப்படி இருக்கும்: 01 03 00 00 00 02. முதலாவது முகவரி, 03 என்பது 'ரிஜிஸ்டரைப் படி' (ரிஜிஸ்டர் என்பது கருவிக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கும் இடம்), அடுத்த இரண்டு பைட் எங்கிருந்து, கடைசி இரண்டு எத்தனை. இதற்குப் பின்னால் இரண்டு பைட் சி.ஆர்.சி. (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் எண்). மேனுவலில் 40001 என்று போட்டிருப்பது லைனில் 0 என்றுதான் போகும். சில சாஃப்ட்வேர் தானே ஒன்றைக் கழிக்கும், சில கழிக்காது. ரீடிங் பக்கத்து ரிஜிஸ்டருடையதாக வருகிறது என்றால் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

மிக முக்கியமான வித்தியாசம் ஒன்று: பதிலே இல்லை என்பதும், மறுப்பு வந்தது என்பதும் வேறு வேறு. 03 என்று கேட்டதற்கு, பதிலில் முகவரிக்கு அடுத்து ஹெக்ஸில் 83, அதன் பின் 02 என்று வந்தால், அந்த ரிஜிஸ்டர் இல்லை என்று கருவி சொல்கிறது. அப்படியென்றால் வயரிங், வேகம், பாரிட்டி, முகவரி எல்லாமே சரி. அதன் பிறகும் டெர்மினலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண். பதிலே வராமல் டைம் அவுட் ஆனால்தான் கீழே இறங்கி வயரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் தசம எண்கள். 50 ஹெர்ட்ஸ் என்பது 32 பிட் ஃப்ளோட்டாக இரண்டு ரிஜிஸ்டரில் வரும், ஹெக்ஸில் 4248, 0000. சாதாரண எண்ணாகப் படித்தால் 16968, 0 என்று தெரியும். இதைப் பார்த்து மீட்டர் குப்பை தருகிறது என்று நினைக்க வேண்டாம், அது சரியான 50.0. ஃப்ளோட் என்று படித்தும் திரையில் 0.00 வந்தால், இரண்டு ரிஜிஸ்டரின் வரிசை மாறியிருக்கிறது. வேர்டு ஸ்வாப் ஆப்ஷனை மாற்றுங்கள். சப்ளை ஃப்ரீக்வென்சி எப்போதும் 50-ஐ ஒட்டியே இருக்கும் என்பதால், எனர்ஜி மீட்டரைச் சோதிக்க நான் முதலில் படிப்பது அந்த ரிஜிஸ்டரைத்தான்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. 9600 வேகத்தில் பாரிட்டியோடு ஒரு பைட்டுக்கு 11 பிட், அதாவது 1.15 மில்லி செகண்ட். 10 ரிஜிஸ்டர் படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட், ஆக 38 மில்லி செகண்ட், இடைவெளியும் கருவி யோசிக்கும் நேரமும் சேர்த்து 60 என்று வைப்போம். நான்கு கருவிக்கு ஒரு சுற்று கால் நொடி. போதும். ஆனால் ஒரு கருவி செத்துப்போனால்? டைம் அவுட் 1 நொடி, 3 முறை முயற்சி என்று இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 3 நொடி வீணாகும், மற்ற மூன்றின் ரீடிங்கும் மெதுவாகும். டைம் அவுட்டை 200-300 மில்லி செகண்டுக்குக் குறையுங்கள், பதில் தராத கருவியை அரை நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் கேட்கும்படி புரோகிராம் எழுதுங்கள்.

டிரைவின் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் மோட்பஸில் கொடுக்கலாமா? கொடுக்கலாம், வேலை செய்யும். நான் கொடுக்க மாட்டேன். ஸ்டார்ட்டுக்கும் ட்ரிப்புக்கும் தனி வயர், வேகமும் ரீடிங்கும் மட்டும் மோட்பஸில். அப்படி வைத்தாலும் கம்யூனிகேஷன் நின்றால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரைக் கண்டிப்பாக செட் செய்யுங்கள். இந்த பிளோயருக்கு, நிற்காமல் ஒரு நிலையான வேகத்தில் ஓடு என்பதே சரி. காற்று நின்றால் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் சாகும். கன்வேயருக்கு இதே கேள்வி வந்தால் நில் என்பது சரி.

ஈதர்நெட்

பேனலுக்குள் டின் ரெயிலில் (பொருட்களை மாட்டும் உலோகப் பட்டையில்) மாட்டும், 24 வோல்ட்டில் ஓடும் ஸ்விட்ச் வாங்குங்கள். வீட்டு ரவுட்டரோடு வரும் அடாப்டர் பேனலுக்குள் மாட்டிக்கொண்டு தொங்கக் கூடாது, அதிர்வில் கழன்றுவிடும். செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர், நமக்கு 70 என்பதால் வரம்புக்குள்தான். ஆனாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் திறந்தவெளியில் போகும் கேபிள் என்றால் ஃபைபரே போடுங்கள். இடி இறங்கும்போதும், இரண்டு கட்டடத்து எர்த் வேறுபடும்போதும் ஃபைபரில் எதுவும் தாண்டி வராது.

ஐ.பி. முகவரிகளை ஒரு தாளில் எழுதி, கையால் செட் செய்யுங்கள். பி.எல்.சி. 192.168.10.11, திரை 12, கம்ப்யூட்டர் 21 என்று. தானாக முகவரி கொடுக்கும் வசதியை பி.எல்.சி.க்கு நம்பக் கூடாது, கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறினால் திரை குருடாகிவிடும். பிங் செய்தால் பதில் வந்து வந்து போகிறது என்றால் யாரோ அதே முகவரியோடு இன்னொரு பொருளை மாட்டியிருக்கிறார்கள். சாதாரண ஸ்விட்ச்சில் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாராவது அதே ஸ்விட்ச்சில் குத்தினால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். காலிப் போர்ட்களை மூடி வைக்க பிளக் கிடைக்கிறது.

மோட்பஸ் டி.சி.பி. 502-ஆம் போர்ட்டில் போகும். அதில் பாஸ்வேர்டு என்று ஒன்றே கிடையாது. அந்த நெட்வொர்க்குக்குள் வந்த யாரும் ரிஜிஸ்டரில் எழுதலாம், பம்பை நிறுத்தலாம். முதலாளி வீட்டிலிருந்து செல்போனில் பார்க்க வேண்டும் என்று கேட்பார், நியாயமான ஆசைதான், ஆனால் அதற்காக ரவுட்டரில் 502-ஐ வெளியே திறந்துவிடாதீர்கள். வி.பி.என். (வெளியாள் நுழைய முடியாத தனி இணைப்பு) வழியாக மட்டும் உள்ளே விடுங்கள், பிளாண்ட் நெட்வொர்க்கையும் அலுவலக நெட்வொர்க்கையும் பிரித்து வையுங்கள். இன்டர்நெட்டில் இல்லை என்பதால் பாதுகாப்பு என்றும் நினைக்க முடியாது. 2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸ் நிலையத்தில் வெளி இணைப்பில்லாத சிஸ்டத்துக்குள் பென் டிரைவ் மாதிரியான வழியில் போய் பி.எல்.சி. புரோகிராமையே மாற்றியது. சர்வீஸுக்கு வருபவரின் பென் டிரைவ் உங்கள் கம்ப்யூட்டரில் ஏறக் கூடாது.

பேனலுக்கு முதல் முறை சப்ளை கொடுக்கும் நாள்

வரிசை மாறக் கூடாது. மெயின் ஆஃபில் இருக்கும்போதே எல்லா டெர்மினலையும் ஒருமுறை இறுக்குங்கள், எர்த் தொடர்ச்சியைப் பாருங்கள். மோட்டாரையும் பவர் கேபிளையும் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள், அதற்கு முன் டிரைவிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மெக்கரின் 500 வோல்ட் டிரைவுக்குள் போனால் டிரைவ் முடிந்தது. பி.எல்.சி., மீட்டர் பக்கம் மெக்கரே கூடாது.

எல்லா எம்.சி.பி.யும் ஆஃபில் வைத்து மெயினை ஆன் செய்து மூன்று பேஸ் நடுவிலும் 415 பாருங்கள். அப்புறம் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்., 24 வந்ததா பாருங்கள், அப்புறம் ஒவ்வொரு ஃபியூஸாகப் போடுங்கள். பவர் பக்கம் இன்னும் ஆஃபில்தான். பி.எல்.சி.யிலிருந்து ஒவ்வொரு அவுட்புட்டையும் ஆன் செய்து சரியான காண்டாக்டர் அடிக்கிறதா என்று பாருங்கள், ஒருவர் களத்தில் நின்று ஒவ்வொரு சென்சாரையும் தொட்டுக்காட்ட, இன்னொருவர் திரையில் சரிபார்க்கட்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி எல்லாம் விழுகிறதா பாருங்கள். அதன் பிறகுதான் மோட்டார், முதலில் ஒரு நொடி மட்டும், சுற்றும் திசை பார்க்க. பிறகு லோடில் ஓட விட்டு கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மோட்பஸ் எரர் கவுண்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, டிரைவை ஆஃபில் வைத்து ஒரு மணி நேரம், பிறகு டிரைவ் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். முதல் மணியில் எரர் இல்லாமல் இரண்டாவதில் வந்தால் ஷீல்டும் கேபிள் பாதையும்தான் காரணம். இரண்டிலும் சமமாக வந்தால் ரெசிஸ்டர், பாரிட்டி, லூஸ் டெர்மினல் என்று தேடுங்கள். காண்டாக்டர் விழும்போது மட்டும் ஏறினால் ஸ்னப்பர்.

டிராயிங், ரிஜிஸ்டர் பட்டியல், முகவரிப் பட்டியல், டிரைவ் பாராமீட்டர், கிளாம்ப் மீட்டரில் எடுத்த ஆம்பியர் எல்லாம் பிரிண்ட் எடுத்து பேனல் கதவுக்குள் இருக்கும் பையில் வையுங்கள். பி.எல்.சி. புரோகிராமின் நகல் பேனல் கட்டியவரின் லேப்டாப்பில் மட்டும் இருப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள், பாஸ்வேர்டோடு சேர்த்துக் கையில் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.